மூன்றாவது வட்டு

அன்று கடையின் பின்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். பட்டறை மேசைக்கு முன்னால் முக்காலியில் மாமா. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் தம்பி. சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியில் பல் டாக்டரம்மா, கைப்பையை மடியில் வைத்தபடி. மூவருக்கும் நடுவே, எழுதுமேசையில் அக்கா. மாமாவுக்கு மனைவி, தம்பிக்கு உடன்பிறந்தவள். தெருவே அவர்களை இந்தப் பெயர்களில்தான் அறியும். பட்டறை மேசையில் விரித்திருந்த துண்டின் மேல் டாக்டரின் தூண்டில் ரீல், ஆபரேஷனுக்குக் கொண்டுவந்த மாதிரி மல்லாந்து கிடந்தது.

மாமாவும் தம்பியும் மழைக்காலத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டுமே நம்பும்படி இருக்கும். பேசியே ஆகவேண்டியதை அக்காவின் தலைக்கு மேலாகப் பேசினார்கள்.

"ஞாயித்துக்கிழமை போட்டியில நல்ல மீனா மாட்டுச்சு" என்றார் டாக்டர். "திருகை இறுக்கினேன். நூல் ஓடுச்சு. இன்னும் இறுக்கினேன். இன்னும் ஓடுச்சு. கடைசி முழம் வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கரையில நின்ன அத்தனை பேரும் மீனுக்குக் கை தட்டினாங்க."

ரீலில் டிராக் என்று ஓர் அமைப்பு உண்டு. எஃகுத் தகடும் மெத்தென்ற வட்டும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். மேலேயுள்ள திருகை இறுக்கினால் அடுக்கு நெருங்கி நூலைப் பிடிக்கும். மீன் பலமாக இழுத்தால், அறுந்துபோகாமல் அளந்து விடும். டாக்டரின் ரீலில் இருந்தவை பழைய கம்பளி வட்டுகள். அவற்றை எடுத்துவிட்டு மூன்று கார்பன் வட்டுகள் போடச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

டாக்டர் இருக்கும் தூண்டில் கிளப்பின் ரீல்கள் எல்லாம் வருஷா வருஷம் இந்தக் கடைக்குத்தான் பராமரிப்புக்கு வரும். இனியும் வருமா என்பதைக் கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது. அதற்குள் என்ன தவறு நடந்ததென்று கடையின் இரு முதலாளிகளான மாமாவும் தம்பியும் கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும், அதுவும் தபாலில். கையில் நீட்டினால் தலைவர் வாங்கமாட்டார்.

அக்காவின் கவலை கமிட்டி அல்ல. ரீல்கள் போய்விட்டால் கடையில் மிஞ்சுவது தூண்டில் முள்ளும் மிதவையும் விற்பதுதான். அதற்கு இரண்டு ஆள் வேண்டாம். புருஷனா, தம்பியா என்று அவள்தான் சொல்ல வேண்டிவரும்.

"முதல்ல திறந்து பாப்போம். அப்புறம் எழுதலாம்" என்றாள்.

"அக்கா, அவரையே திறக்கச் சொல்லு. வேலை எடுத்தது அவரு."

"ஏம்மா, மூடினது யாருன்னு உன் தம்பியக் கேளு."

"என் கிளினிக்ல வாய் நிறையப் பஞ்சு வெச்சுக்கிட்டு இருக்கறவங்ககூட இதவிட நேரா பேசுவாங்க" என்றார் டாக்டர்.

மாமா திருகைக் கழற்றி, வளையக் கம்பியை நெம்பி எடுத்து, இடுக்கியை உள்ளே விட்டார். முதலில் எஃகுத் தகடு வந்தது. அடுத்ததும் எஃகு. மாமாவின் கை அப்படியே நின்றது. அதற்கும் கீழேதான் கார்பன். நடுவில் இருக்கவேண்டிய வட்டைக் காணோம். அடுக்கு குட்டையாகிப் போனதால், திருகு அடிவரை இறங்கியும் எதையும் அழுத்தவில்லை.

டாக்டர் குனிந்து எட்டிப் பார்த்தார். "ஒரு பல்லு கொறையுது."

அக்கா பேனாவை மூடினாள். கடையில் ஒரு பழக்கம் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் அவர் வேலையைச் சத்தமில்லாமல் 'சரி' செய்வார். மூன்றும் கார்பன் என்பது மாமா கட்சி. மேல் வட்டு மட்டும் கம்பளியாக இருந்தால்தான் நூல் திடுக்கென்று இழுக்காமல் கிளம்பும் என்பது தம்பி கட்சி. அந்த வாரம் முழுக்க மேல் வட்டு மாறி மாறிப் பதவி ஏற்றது.

"சனிக்கிழமை மத்தியானம் என்ன நடந்துச்சு? என்கிட்ட வேணாம், டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

மாமா தொண்டையைச் செருமினார். "மேல இருந்த கம்பளிய எடுத்தேன். மேல் தகடு தொலையக் கூடாதுன்னு அத மட்டும் திருப்பி உள்ள வெச்சேன். மூணாவது கார்பனுக்குக் கிரீஸ் தடவி டப்பாவுல போட்டுட்டு சாப்பிடப் போனேன். வந்து பாத்தா மூடியிருக்கு. மறுபடியும் கம்பளியப் போட்டுட்டான்னு நெனச்சேன். சரி, சின்னப் பையன், ஒரு தடவை அவன் இஷ்டப்படிதான் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"நீ?"

"மேல தகடு இருந்துச்சு" என்றான் தம்பி சுவரைப் பார்த்து. "அடியில கார்பன்தான் இருக்கும்னு நெனச்சேன். எப்பவும் எடுத்து மாத்துவேன். அன்னிக்கு என்னவோ, வயசான மனுஷன், போகட்டும்னு கம்பியப் போட்டு மூடிட்டேன்."

முக்காலி கிறீச்சிட்டது. "யாருடா வயசானவன்?"

"நீங்க மட்டும் என்னைச் சின்னப் பையன்னு சொல்லலாமா மாமா?"

"நாப்பது நெருங்குது. பையன்னு சொன்னா சந்தோஷப்படணும்டா."

அக்கா அசையாமல் இருந்தாள். இருக்கையை நகர்த்தினால்கூடப் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

நிற்கவில்லை. கட்சிதான் மாறியது. இப்போது மாமா கம்பளியே போடு என்றார். தம்பி, வேண்டாம் மாமா, கார்பன்தான் நல்லது என்றான். ஆளுக்கொரு வட்டை அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள்.

"ரீல் என்னோடதுதானே?" என்றார் டாக்டர். "நான் கேட்டது கார்பன்."

இருவரும் அவரை அப்போதுதான் கவனித்தது போலப் பார்த்தார்கள்.

தம்பி கார்பனில் கிரீஸை மெல்லிசாகத் தடவிக் கொடுத்தான். மாமா வைத்து மூடினார். நூல் நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டி டாக்டர் கையில் கொடுத்தார்கள். அவர் மீனாகி, பின்னறையிலிருந்து கடையைத் தாண்டி வாசல்வரை பின்னால் நடந்தார். நூல் திடுக்கிடாமல், ஒரே சீராக முனகிக்கொண்டு போனது. தராசு முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"இந்த மீன் தப்பாது" என்றார் வாசலிலிருந்து.

அடுத்து கடிதம். கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார் மாமா. யாருடைய கவனக்குறைவு என்று கேட்பார்களே என்றான் தம்பி. அக்கா இருவரையும் கேட்காமல் எழுதினாள்: 'மூன்றாவது வட்டை மற்றவர் வைத்திருப்பார் என்று நாங்கள் ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டோம், கேட்டுக்கொள்ளவில்லை. இனி ரீலைத் திறந்தவரே மூடுவார். சந்தேகம் வந்தால் மற்றவர் வாயைத் திறந்து கேட்பார்.'

"இதையே அனுப்புங்க" என்றார் டாக்டர். "கமிட்டியில மத்ததை நான் பேசிக்கறேன்."

"நீ முதல்ல போடு" என்று பேனாவை நீட்டினார் மாமா.

"பெரியவங்க நீங்க போடுங்க."

"நீ போடுறா."

"ரெண்டு பேரும் இப்படியே இருந்தா கையெழுத்தும் இல்லாமத்தான் போகும்" என்றாள் அக்கா.

மாமா போட்டார். தம்பி அவர் எழுத்துக்குப் பக்கத்திலேயே, கீழே இறங்காமல் போட்டான். அக்கா தாளை மும்முறை மடித்து உறையிலிட்டு, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். தபால்தலை ஒட்டினாள். நான் போடுறேன் என்று இரண்டு கைகள் நீண்டன. அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. தெருமுனைக்குத் தானே நடந்துபோய்ப் பெட்டிக்குள் போட்டு, அது அடியில் விழும் சத்தம் கேட்ட பிறகே திரும்பினாள்.