வெர்னா குபியாக்கின் ஐந்தாவது கியர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ஜூன் மாதம், பென்சில்வேனியாவில் ஹேசல்ரன் பந்தயத் தடத்தில், நாலு கியர் மட்டுமே உள்ள ஒரு காரில் ஐந்தாவது கியர் விழுந்தது. அன்றைக்கு உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பியரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு அரை டாலர், காற்று கிழக்கே இருந்து. காரை ஓட்டியவள் வெர்னா குபியாக். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் அவளே அறுத்து, கடைந்து, பற்றவைத்த கியர் கம்பிதான் அதில் மாட்டியிருந்தது. வண்டியோடு வருகிற கம்பி கஞ்சிப் பானையில் அகப்பை மாதிரி ஆடும்; வெர்னாவின் கம்பியோ சொன்ன இடத்தில் போய் நிற்கும். இருந்தும் மூன்று வருஷமாக ஒருத்தனும் வாங்கவில்லை. பொம்பளை செய்த கம்பியா என்று முதலில் சிரித்தவன் ஹார்லன் ஸ்டௌட், அந்தத் தடத்தின் சாம்பியன். அவன் சிரித்தால் ஊரே சிரிக்கும். அவனை எல்லோர் முன்னாலும் ஜெயித்தாலொழிய கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

கியர் போடுகிற வேகத்தில் கம்பி எல்லை தாண்டிவிடாமல் இருக்க, அடியில் இரண்டு தடுப்பு போல்ட் உண்டு. காலையில் சரிபார்க்க அவற்றைத் தளர்த்தினாள். அதற்குள் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முடுக்க மறந்து கிளம்பிவிட்டாள், அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குப் போவதுபோல.

புறப்படும் கோட்டருகே, பக்கத்து வண்டியிலிருந்து ஹார்லன் தலையை நீட்டினான். "என்னம்மா வெர்னா, கரண்டியையும் கையோட கொண்டாந்துட்ட போல?"

"ஆமாய்யா. தோத்தப்புறம் உனக்குப் பரிமாற வேணாமா?"

பச்சை விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே இரண்டு, மூன்று, நாலு என்று போட்டாள். அப்போதும் ஹார்லன் அரை வண்டி முன்னால். வந்த ஆத்திரத்தில் கம்பியை இன்னும் இழுத்தாள். தடுக்க வேண்டியது தடுக்கவில்லை. நாலைத் தாண்டி எங்கேயோ போய்க் கம்பி கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே சத்தம் நின்றது. என்ஜின் நிற்கவில்லை, சத்தம் மட்டும் பின்தங்கிவிட்டது. அவளுடைய நீல வண்டி, பூனை அடுக்களையைக் கடப்பதுபோல ஹார்லனைக் கடந்து, முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

தோற்றவன் கேட்டால் ஜெயித்த வண்டியை அங்கேயே பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஹேசல்ரன் வழக்கம். கள்ளம் இருந்தால் வண்டிக்கும் கம்பிக்கும் ஆயுசுக்கும் தடை. ஹார்லன் கேட்டான். "நாலுக்கப்புறமும் கை போச்சு, என் கண்ணால பாத்தேன். பொட்டியப் பிரிங்க!"

பரிசோதகர் ஆரின் பெக் கியர் பெட்டியை இறக்கி, எண்ணெயை வடித்து, பல்சக்கரங்களைத் துணிமேல் பரப்பினார். தடத்தோரம் பியரோகி விற்றுக்கொண்டிருந்த வெர்னாவின் அக்கா லியோனா சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏண்டி, எதையாவது உளறி வைக்காத!"

"மறைக்க என்னக்கா இருக்கு?" என்றாள் வெர்னா. "சார், தடுப்பு போல்ட்ட முடுக்க மறந்துட்டேன். நாலுக்கு அந்தாண்ட இன்னொண்ணு இருந்துச்சு. போட்டேன்."

பெக் எண்ணினார். நாலு கியர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணும்போது, பந்தயம் முடிந்து நாற்பது நிமிஷம் கழித்து, பின்தங்கிப்போன அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. காலித் தடத்தில் கோட்டிலிருந்து கோடு வரை தனியாக ஓடி, காகிதக் கோப்பைகளைக் கவிழ்த்து, ஒரு பாதிரியாரின் தொப்பியைப் பறக்கடித்துவிட்டு நின்றது.

"கேட்டீங்களா? அதான் அஞ்சாவது!" என்று ஹார்லன் குதித்தான்.

"தம்பி, பொட்டியில இருக்கறத எண்ணத்தான் என்னைய வெச்சிருக்காங்க. காத்துல வர்றத எண்ணுறதுக்கு இல்ல," என்றார் பெக். வெர்னாவின் கையை எண்ணெய்க் கறையோடு பிடித்து மேலே தூக்கினார். "நாலுதான். இவங்கதான் ஜெயிச்சாங்க!" அன்றைக்கு லியோனா பியரோகிக்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. பதினேழாவது ஆள் ஹார்லன். "எனக்கும் ஒண்ணு குடும்மா," என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "வரிசையிலயே வாய்யா," என்றாள் வெர்னா. இரண்டே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் பாதி வண்டிகளில் அவள் கம்பிதான். சிலருக்கு ஐந்தாவது விழும், சிலருக்கு விழாது. மீன் சிக்காத நாளில் தூண்டில்காரன் முனகாததுபோல, யாரும் அதற்காக முனகுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்து அரை மணி ஆனதும், தடத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளில் குழந்தையைத் தூங்கவைத்தவர்கள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்கள். மழை வருமுன் சாத்துவார்களே, அப்படி.