விழாமல் நின்றது

பாலர் பள்ளியின் கூரையைப் பொத்துக்கொண்டு வந்த குண்டு, ஓர் ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில், அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அதே விமானம் போட்ட இன்னொரு குண்டு அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் டீச்சரின் வீட்டில் விழுந்து வெடித்தது. காய்ச்சல் என்று பள்ளிக்கு வராமல் படுத்திருந்த அவளுடைய ஒரே மகன் அதில் போனான். பள்ளிக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பானே என்றது ஊர். ஊருக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லும். டீச்சர் போக்கிடம் இல்லாமல் பள்ளியின் பின்னறைக்கே குடிவந்தாள்.

குண்டு எடுக்கிற ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கீழே முட்டுக்கொடுத்து நெம்பினார்கள். மயிரிழைகூட அசையவில்லை. "அதுவா மனசு வச்சாத்தான் உண்டு" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். கூரையுள்ள வேறு கட்டடம் ஊரில் மிஞ்சவில்லை என்பதால் வகுப்பு அதற்கடியிலேயே நடந்தது. ஓட்டைக்குத் தகரம் அடித்தார்கள். பெருக்குகிற அக்கா அவ்வப்போது ஸ்டூல்மேல் ஏறி, ஈரத்துணியால் குண்டைத் துடைத்து, வாலில் தொங்கிய ஒட்டடையையும் எடுத்துவிடுவாள். "ஃபேன் மாதிரி ஆயிடுச்சு டீச்சர், என்ன, காத்துதான் வரல" என்பாள். பிள்ளைகள் வந்தார்கள், வளர்ந்தார்கள், வெளியூர்ப் பெரிய பள்ளிக்குப் போனார்கள். எல்லாரும் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒருமுறை அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் பார்ப்பதே இல்லை. இது நின்றதே, அதற்கு நிற்க என்ன கேடு என்று வயிறு எரியும்.

பல வருடம் கழித்து, களைத்துப்போன இரண்டு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. வெளியிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், பிள்ளைகளுக்குச் சமாதானம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்துப் படம் வரைய வைக்கவேண்டும் என்று கல்வி அதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது. சண்டை இல்லாமல் இருப்பதுதான் சமாதானம் என்றாள் டீச்சர். பிள்ளைகள் விழித்தார்கள். சண்டை இல்லாத ஒரு நாளையும் பார்த்திராதவர்களிடம் வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. மனதில் பட்டதை வரையுங்கள் என்று விட்டுவிட்டாள்.

அத்தனை பேரும் குண்டைத்தான் வரைந்திருந்தார்கள். மேலே குண்டு, கீழே வரிசையாகச் சிரிக்கிற தலைகள்.

"ஏன் கண்ணு இத வரஞ்சீங்க?"

வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் சிறுமி, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள். "அதான் விழலியே டீச்சர். விழாம நிக்குதுல்ல, அதுதான் சமாதானம்."

படங்களைப் பார்க்க வந்த அதிகாரிக்கு முகம் கறுத்தது. "வர்றவங்க முன்னாடி மானத்த வாங்கவாம்மா?" என்றார். தானே கரும்பலகையில் ஒரு வெள்ளைப் புறாவை வரைந்தார்; அது கோழிபோல வந்தது. பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, "எல்லாம் சரியாகிவிட்டது, இனி எவருக்கும் எந்தக் குறையும் இல்லை" என்று உரக்கச் சொல்ல வைத்தார். பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். குண்டு ஒரு சாண் கீழே இறங்கியது. அதிகாரிக்குச் சட்டென்று வேறு வேலை நினைவுக்கு வந்தது. இதையே மனப்பாடமாக்குங்கள், பிசகினால் பள்ளியை மூடிவிடுவேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பள்ளி போனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கூரை ஏது? டீச்சர் மறுபடி சொல்ல வைத்தாள். நிமிர்ந்து பார்க்காத பழக்கம் அவளைக் கெடுத்தது. குண்டு இறங்கியதை அவள் கவனிக்கவே இல்லை. பிள்ளைகள் சொல்லச் சொல்ல அது இறங்கிக்கொண்டே வந்து, உட்கார்ந்திருந்த வாயாடியின் உச்சந்தலை முடியைத் தொட்டது. அவள் அசையாமல் கேட்டாள்: "எல்லாம் சரியாயிடுச்சுன்னா உங்க பையன் வந்துடுவானா டீச்சர்?"

டீச்சர் அப்போதுதான் பார்த்தாள். இன்னொரு பிள்ளையையும் இதற்குத் தின்னக் கொடுக்க அவளால் முடியாது.

"வரமாட்டான் கண்ணு," என்றாள். "எதுவும் சரியாகல. மேலேர்ந்து போட்டவங்க, இனிமே போடமாட்டோம்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான் சமாதானம். போட்டத யாரும் திரும்ப எடுத்துட்டுப் போகமாட்டாங்க. அது நிக்கும்வரைக்கும் நிக்கும்."

குண்டு முடியிலிருந்து விலகி மெல்ல எழுந்தது. பழைய உயரத்துக்குப் போகவில்லை. வாயாடி எழுந்து நின்றால் தலை தட்டாத அளவுக்கு ஏறி, அங்கேயே நின்றது. டீச்சர் முதல்முறையாக அதன்மேல் கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. பிள்ளைகள் முன்னாலேயே வாய்விட்டு அழுதாள்.

விருந்தினர்கள் வந்தார்கள், குனிந்து நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். பள்ளியை யாரும் மூடவில்லை. குண்டைத் துடைக்க அக்காவுக்கு இப்போது ஸ்டூல் தேவைப்படுவதில்லை. வேலைக்கு வரும் பெரியவர்கள் எல்லாரும் அறையின் நடுப்பகுதியில் குனிந்தே நடந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே பழகினார்கள். அவர்கள் பிழைப்புத் தேடி எங்கெங்கோ போனார்கள். எந்த ஊரிலானாலும், எவ்வளவு உயரமான அறையானாலும், அதன் நடுவுக்கு வரும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிற ஆளைப் பார்த்தால், நம்ம பள்ளிப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளலாம்.