முதலில் எதிர் வீடு

மாடி போர்ஷனில் குடியிருக்கும் தீபிகாவுக்கு விளையாடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஆனால் லிங்கராஜபுரத்தில் அது மௌரீன் கண்டுபிடித்ததாகவே பரவியது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மௌரீன் வீட்டுக்காரி, அவள் வாயிலிருந்து வந்தால் செய்திக்கு ஒரு மதிப்பு. நான் கீழே பக்கத்துப் போர்ஷன். மாடிப்படி என் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. ஆகவே நான் எதையும் தேடிப் போவதில்லை, எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் நடந்து போகின்றன. மௌரீன் அப்படியல்ல. அவள் தேடிப் போவாள்.

இரண்டாயிரத்து ஒன்று, ஜூலை மாதம். தீபிகா தருமபுரிப் பெண். எஞ்சினியரிங் முடித்துவிட்டு, கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்யப்படும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைக் கடைக்குப் போகுமுன் விளையாடிப் பார்ப்பதுதான் வேலை. இதைக் கேட்டதும் மௌரீன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"வெளையாடறதுக்குச் சம்பளமா? அதான் எங்க சிரிலுக்கும் முப்பது வருஷம் ஆபீஸ்ல குடுத்தாங்க" என்றாள்.

அவள் கணவர் சிரில் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் அவர் எதற்கும் பதில் சொல்வதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீபிகா ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். மானிட்டரை மடியில் குழந்தைபோல் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கீழே வந்தபோது கண் சிவந்திருந்தது. மௌரீன் எதையும் நேராகக் கேட்கமாட்டாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி.

"சளியா கண்ணு?" என்றாள்.

அவ்வளவுதான், பெண் கொட்டிவிட்டாள். ஒரு துப்பறியும் விளையாட்டைப் பற்றித் திங்கட்கிழமை காலை அறிக்கை கொடுக்க வேண்டுமாம். ஒரு பக்கம் பலம், மறுபக்கம் பலவீனம். பலம் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியாயிற்று. பலவீனம் இரண்டே வரி: ஓரிடத்தில் எழுத்துப் பிழை, இன்னோரிடத்தில் வேலைக்காரனுடைய கை டீ கெட்டிலுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இவளோடு சேர்ந்த நரேஷ் ஒரு விளையாட்டில் கம்ப்யூட்டரே அணைந்துபோகிற அளவுக்குப் பெரிய குறையைக் கண்டுபிடித்து, வேலையில் நிரந்தரமாகிவிட்டான். இவள் ஐந்து மாதமாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. குறை கண்டுபிடிக்கத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுடைய மேலதிகாரி வெங்கடகிருஷ்ணன் சாந்தமாகவே கேட்டாராம். இதுதான் கடைசி அறிக்கை. இதிலும் பெரிதாக ஒன்று சிக்கவில்லையென்றால் அவள் தருமபுரிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

குறை கண்டுபிடிக்கத் தெரியாத பெண் ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"கொறை சொல்றதா வேலை? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு" என்றாள் மௌரீன். "நாளைக்கு மத்தியானம் நாங்க வர்றோம்."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜியோடு மாடிக்குப் போனோம். சிரிலும் வந்தார். அவர் தன் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்காரமாட்டார் என்பதால் அதையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

விளையாட்டின் கதை இதுதான். எங்கோ ஒரு பனிமலை ஊர். இருபது அறை மாளிகை. அதில் பணக்கார விதவை ஒருத்தி படுக்கையிலேயே இறந்து கிடக்கிறாள். துப்பறிகிறவன் குதிரை வண்டியில் வந்து மாளிகை வாசலில் இறங்குகிறான். அவனைத் திரையில் பார்க்க முடியாது, ஏனென்றால் அவன்தான் நாம். மவுஸைத் தட்டினால் நடப்போம், கதவைத் திறப்போம், ஆட்களோடு பேசுவோம். பேச்செல்லாம் இங்கிலீஷ். தீபிகா எங்களுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பலம் என்று அவள் எழுதியிருந்ததில் பொய் கிடையாது. பனி விழ ஆரம்பித்ததும் சிரில் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மாளிகைப் படி கிறீச்சிட்ட சத்தத்தில் மௌரீன் வெளியே ஓடி, எங்கள் மாடிப்படியில் யாரோ ஏறுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பிணத்தின் கட்டிலுக்கடியில் ஒரு பொத்தான் கிடந்தபோது நான் பஜ்ஜியைப் பாதியில் நிறுத்தினேன். அது சாதாரண விஷயமல்ல.

பலவீனங்களையும் நாங்கள் குறைவில்லாமல் சொன்னோம். இருபது அறையைக் கூட்டிப் பெருக்குகிறவள் எங்கே, ஒருத்தியைக்கூடக் காணோமே என்று நான் கேட்டேன். இறந்த வீட்டுக்கு வந்த மனிதனுக்கு ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை என்றாள் மௌரீன். பனியில் நனைந்த பூட்ஸோடு இவன் கம்பளத்தில் நடக்கிறானே, இவனை யார் வளர்த்தார்கள் என்றும் கேட்டாள். சிரில், கொலை செய்தது வக்கீல் என்று முதல் கால் மணி நேரத்திலேயே தீர்மானித்துவிட்டு, வக்கீல் வரும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்தார். தீபிகா எல்லாவற்றையும் நோட்டில் மரியாதையாக எழுதிக்கொண்டாள். பிறகு பென்சிலைக் கடித்தபடி, இதெல்லாம் குறையில்லை, அபிப்பிராயம் என்றாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று மௌரீன் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை.

நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று.

ஜூலையில் அது போவதுதான் வழக்கம். ஆனால் விளையாட்டை நடுநடுவே சேமித்துவைக்க வேண்டுமாம். முதல் நாள் அழுகையிலும், இன்று எங்கள் பேச்சுக்கெல்லாம் தலையாட்டி மொழிபெயர்த்ததிலும் அவள் அதை மறந்துவிட்டாள். முதல் நாள் சாயங்காலம் தொடங்கி அவள் தேடிச் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. மறுபடி வண்டியில் வந்து இறங்குவதிலிருந்து தொடங்க வேண்டும்.

"பரவாயில்ல ஆன்ட்டி" என்று பிளக்கைப் பிடுங்கி வைத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். சிரில் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மௌரீன் சேலையைக்கூட மாற்றவில்லை. கோயிலிலிருந்து நேராக மாடிக்கு ஏறினாள். அவளுக்குள் ஏதோ உறுத்தல் என்று படியில் வைத்த காலடியிலேயே தெரிந்தது. நானும் போனேன். உறுத்தலோடு இருப்பவர்களைத் தனியாக விடக்கூடாது.

தீபிகா மறுபடியும் ஆரம்பித்திருந்தாள். வண்டி வந்து நின்றது. மௌரீன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மவுஸை இங்க குடு" என்றாள். கேட்டைத் தட்டினால் உள்ளே போய்விடலாம் என்று தீபிகா காட்டிக் கொடுத்தாள்.

மௌரீன் கேட்டைத் தட்டவில்லை. திரையில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்த எடுப்புல சாவு வீட்டுக்குள்ள போவாங்களா கண்ணு? செத்தது எப்ப, யாருக்கு யாரோட பேச்சில்ல, ஒண்ணும் தெரியாம உள்ள போயி வாயத் தொறந்தா இன்னா ஆவும்? மொதல்ல எதிர் வீடு."

அவள் சொன்னது எங்கள் தெருவில் எல்லாரும் அறிந்த முறைதான். சில வருஷத்துக்கு முன்னால் முனை வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனார். புதிதாகக் குடிவந்த ஒருவர் நேராக உள்ளே போய், மூத்த மகன் எங்கே, தலைமாட்டில் அவனல்லவா இருக்க வேண்டும் என்று உரக்கக் கேட்டுவிட்டார். மூத்த மகனோடு அந்த வீட்டில் ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். எதிர் வீட்டில் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது. எங்கள் எதிர் வீடுகள் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன.

மாளிகைக்கு எதிரேயும் ஒரு குடிசை வீடு இருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு கிழவி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். தீபிகா அவளை வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தாள். ஆனால் கம்பெனி கொடுத்த குறிப்பின்படி கிழவிக்கு ஐந்தாவது அத்தியாயத்தில்தான் வேலை, இப்போது பேசமாட்டாள் என்றாள். மௌரீன் கிழவியைத் தட்டினாள். நல்ல குளிர் என்றாள் கிழவி. இரண்டாம் முறையும் நல்ல குளிர். மூன்றாம் முறையும் அதேதான்.

"பாத்தீங்களா ஆன்ட்டி?"

"மொதல் வாட்டியே எவ சொல்வா? அதுவும் வெறுங்கையோட வந்து நின்னா?" மௌரீன் திரையின் மூலையில் இருந்த பையைத் தானே திறந்தாள். பூதக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம், ஒரு பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் மூன்றாவது அத்தியாயத்தில் நாயை அடக்குவதற்கு என்று தீபிகா தடுக்கப் பார்த்தாள். "நாய்க்கு அப்புறம் வாங்கலாம்" என்று மௌரீன் அதை இழுத்துக்கொண்டுபோய்க் கிழவியிடம் கொடுத்தாள்.

கிழவி பின்னலைக் கீழே வைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். தீபிகா மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சொல்றா?"

"கடைசிக் கடிதத்தையும் கண்டுபிடிச்சிட்டீங்களே, இனிமே மறைச்சு என்ன பிரயோஜனம்னு சொல்றாங்க ஆன்ட்டி. டாக்டர்தான் மருந்துல விஷம் கலந்தாராம்."

எந்தக் கடிதம்? நாங்கள் இன்னும் மாளிகைக்குள்ளேயே போகவில்லை. அதற்குள் போகாத வீட்டிலிருந்து, பார்க்காத டாக்டரை, வராத போலீஸ் விலங்கு போட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தது. மணியடித்தது. பனி நின்றது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தன. பின்னாலேயே நாற்காலியோடு வந்து சேர்ந்திருந்த சிரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு நிமிஷம் என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப வக்கீல் இல்லியா?" என்று கேட்டார். இரண்டு நாளில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

தீபிகாவுக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரமாயிற்று. நாற்பது மணி நேரம் விளையாட வேண்டிய விளையாட்டு அது. கிழவியிடம் போகிற நேரத்தில் பையில் ஒரு கடிதம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே அவளிடம் எதைக் கொடுத்தாலும் அது கடிதம்தான் என்று செய்தவர்கள் இருந்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் இறந்த வீட்டை விட்டுவிட்டு எதிர் வீட்டுக்குக் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகிற மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தீபிகாவும் ஐந்து மாதமாக அவர்கள் போட்ட வழியிலேயே ஒழுங்காக நடந்தவள். அதுதான் அவளுக்கு ஒன்றும் சிக்காததன் காரணம்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தபடியே மறுபடி ஆரம்பித்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தாள். டாக்டர் மாட்டினார். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். மாட்டினார். நான்காம் முறை என் கையில் மவுஸைக் கொடுத்தாள். நான் என் வாழ்நாளில் பிடித்துக் கொடுத்த ஒரே கொலைகாரன் அந்த டாக்டர்தான். அதற்குள் தெருப் பிள்ளைகள் முதல் பால்காரர் வரை அறைக்குள் ஆள் சேர்ந்துவிட்டது. கிழவி வாயைத் திறக்கும்போதெல்லாம் எல்லாரும் கைதட்டினார்கள். மௌரீன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாளே. இவ என்ன அக்கம்பக்கத்துக்காரி?"

தீபிகா பலவீனப் பக்கத்தை அன்று மத்தியானமே எழுதி முடித்தாள். மறுநாள் காலை அவள் ஆபீசுக்குப் போன பிறகு எங்கள் வீடுகளில் ஒரு வேலையும் நடக்கவில்லை. நான் ஒரே கீரையை இரண்டு தடவை ஆய்ந்தேன். அவளும் மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். சார் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டாராம். அவளிடம் போன் கிடையாது. மௌரீன் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு அது அடித்தது. மௌரீன் எடுத்தாள். மணிச் சத்தம் கேட்டுப் படியிறங்கி ஓடி வந்த தீபிகாவிடம் கொடுக்கலாம் அல்லவா? கொடுக்கவில்லை. ஆமாங்க, ஹவுஸ் ஓனர்தான் என்றாள். சொந்த ஊர் எது என்று கேட்டாள். ஸ்ரீரங்கத்துப் பக்கமா, ஹௌதா, அப்படியா என்றாள். எதிர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று எப்படித் தோன்றிற்று என்று வெங்கடகிருஷ்ணன் கேட்டிருப்பார் போலிருக்கிறது. முனை வீட்டுப் பெரியவர் கதை முழுவதையும் சொன்னாள். தீபிகா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். பத்து நிமிஷம் கழித்து மௌரீன் ரிசீவரை வைத்தாள்.

"ஆயிடுச்சு கண்ணு. கன்ஃபர்ம். பாவம், உங்க சாரோட அம்மாவுக்கு ரெண்டு காலும் மூட்டுவலி."

தீபிகா மௌரீனைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னை, பிறகு ஒரு தடுமாற்றத்தில் சிரிலின் நாற்காலியை.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய விளையாட்டு வந்தது. அதற்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டுமாம். மறுபடி பஜ்ஜி. வண்டி நின்றதும் மௌரீன் நேராகக் கிழவியிடம் போய்ப் பிஸ்கட்டைக் கொடுத்தாள். கிழவி வாங்கிக்கொண்டாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். நல்ல குளிர் என்றாள். பின்னலைத் தொடர்ந்தாள். மௌரீன் ஏழு முறை தட்டினாள்.

"வாங்கித் தின்னுட்டு வாயத் தொறக்குதா பாரு" என்றாள் மௌரீன். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "இந்த மாதிரி ஒருத்திய எனக்குத் தெரியும்."

இதைப் பலத்தில் போடுவதா பலவீனத்தில் போடுவதா என்று தீபிகா கேட்டாள். மௌரீன் கிழவியை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள்.

"பலத்துலயே போடு. அச்சு அசலா இருக்கு."

நான் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன். வெளியே நல்ல குளிர்.