சாப்பிட்ட நேரத்துக்கும் கூலி

வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் திருத்தியதற்கான பில் புதன்கிழமை தபாலில் வந்தது. புதுப் பம்ப் ஒன்று நாற்பத்தெட்டுப் பவுண். கூலி நான்கு மணி நேரம், நூறு பவுண். டொலறஸ் அதை ஒருமுறை வாசித்துவிட்டு, செக் எழுதப் பேனையைத் தேடினாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை கண்டுபிடித்துக் கொடுக்க இம்மாகுலேற் வரவேண்டியிருந்தது.

இம்மாகுலேற் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வால்தம்ஸ்டோ மாதா கோவிலுக்கு டொலறஸோடு பூசைக்குப் போகிறவள். அடுத்த வீட்டுக் கணக்கையும் தன் வீட்டுக் கணக்காக நினைத்துப் பார்க்கும் பெரிய மனசு அவளுக்கு.

"வேலை எவ்வளவு நேரம் செய்தவன், அக்கா?"

"ஒண்டரை மணித்தியாலம் வரும்."

"மிச்ச நேரம்?"

"சாப்பிட்டவன். பிறகு கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

"அப்ப உங்கட சோத்தையும் திண்டுபோட்டு, திண்டதுக்குக் கூலியும் போட்டிருக்கிறான். நல்ல வடிவாய்த்தான் இருக்கு."

டொலறஸ் பேனையைக் கீழே வைத்தாள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஜனவரி அது. பொயிலர் நின்று மூன்று நாள், அவள் கோட்டோடு சமைத்து, கோட்டோடு சாப்பிட்டு, கோட்டோடு படுத்தாள். புருஷன் சூசைதாசன் போய் மூன்று வருஷம். பிள்ளைகள் இல்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுத்த பூசை வரைக்கும் வாய் திறக்க ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரெய்னர்ஸ் லேனிலிருந்து பொயிலர் திருத்துகிற வாசுதேவன் வந்து நின்று, "அன்ரி, பொயிலர் எங்கை?" என்று கேட்டபோது, பொயிலரைக் காட்டும் முன்பே ஊரைக் கேட்டுவிட்டாள்.

பதினொன்றரைக்குச் சுவரெல்லாம் சூடு பிடித்துவிட்டது. அவன் கை கழுவினான். சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள்.

"இண்டைக்கு வெள்ளி, அன்ரி. நான் மச்சம் தொடுறேல்லை."

அடுப்பில் இருந்ததோ மீன் குழம்பு. வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சியை விட்டு மீனுக்குப் போவது அவளுடைய வேதக்காரர் வழக்கம். மீனையும் விட்டுவிடுவது அவனுடைய சைவக்காரர் வழக்கம். வேறு யாருமென்றால் ஒரு தேத்தண்ணீரோடு அனுப்பியிருப்பார்கள். டொலறஸ் மீன் படாத சட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அதை இன்னும் இரண்டு தரம் தேய்த்து, பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும் வைத்தாள். அரை மணி நேரம் என்று சொன்னது ஒன்றேகால் மணி நேரமானது. அவன் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்தாள்.

அவன் சாப்பிட்டு முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் சூசைதாசன் கிடந்த அந்தப் பதினொரு நாளையும் சொன்னாள். முழுதாக அதை யாருக்கும் அவள் சொன்னதில்லை. வாசுதேவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். அவன் எழும்பியபோது இரண்டு மணி. அன்றைக்கு முழுக்க அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

இப்போது பில்லைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் செத்த கதையைக் கேட்டதற்கும் மணிக்கு இருபத்தைந்து பவுணா? காசு போனால் போகட்டும். இவன் மனசோடு இருந்தானா, கூலிக்கு இருந்தானா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். இம்மாகுலேற் போன கையோடு போனை எடுத்தாள்.

"தம்பி, நாலு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம் அன்ரி. பத்துக்கு வந்து ரெண்டுக்குப் போனனான். அண்டைக்குப் பன்ரெண்டரைக்கு ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு வேலை இருந்தது. போகேல்லை எண்டதும் அந்தாள் வேறை ஆளைப் பிடிச்சிட்டார்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"எனக்கெண்டு புறிம்பாய்ச் சட்டி வைச்சனீங்கள். எப்பிடி எழும்பி வாறது?"

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். டொலறஸுக்கு எப்போதும் புத்திக்கு முன்னே வாய் ஓடும்.

"நான் சோத்துக்குப் பில் போடேல்லைத்தானே, தம்பி."

போனில் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி அன்ரி. மாத்தி அனுப்புறன்."

மாற்றித்தான் அனுப்பினான். கூலி ஒன்றரை மணி நேரம். பம்போடு சேர்த்து எண்பத்தைந்தரைப் பவுண். இம்மாகுலேற் தான் வென்ற வழக்குபோல் அதைக் கோவில் வாசலில் நாலு பேருக்குச் சொன்னாள். டொலறஸ் தலையாட்டிக்கொண்டு நின்றாள். அந்த மத்தியானத்தைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

பெப்ரவரியில் படுக்கையறை றேடியேற்றர் சூடாகவில்லை. வெள்ளிக்கிழமைதான் வசதி என்று போனில் பிடிவாதமாகச் சொன்னாள். அன்றைக்கு மீன் வாங்கவில்லை. எட்டு மணிக்கே தொடங்கி ஐந்து கறி வைத்தாள்.

வாசுதேவன் கோட்டைக் கழற்றாமலே மேலே போனான். கால் மணி நேரத்தில் இறங்கி வந்தான்.

"காத்து அடைச்சிருந்தது, அன்ரி. திறந்து விட்டிட்டன். இதுக்குக் காசு வேண்டாம்."

"சாப்பிட்டிட்டுப் போங்கோ, தம்பி. எல்லாம் மரக்கறி. எல்லாம் ஆயத்தம்."

"நேரமில்லை, அன்ரி."

அவன் வாசல் வரை போய்விட்டான். டொலறஸ் பின்னாலேயே போனாள். வெட்கத்தைப் பார்த்தால் ஆள் போய்விடும் என்று தெரிந்தது.

"சாப்பிடுற நேரத்தையும் பில்லிலை போடுங்கோ. நான் தாறன்."

அவன் அவளைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை.

"சாப்பிட்ட நேரத்துக்குக் காசு வாங்க இனி எனக்கு ஏலாது, அன்ரி. வாங்காமல் இருந்து சாப்பிட எனக்குக் கட்டுப்படியாகாது."

உள்ளே இருந்த சூடு வெளியே போகாதபடி கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த நூறு பவுணையும் அப்போதே கொடுத்திருக்கலாம் என்று வாசலில் நின்றபடியே அழுதாள்.