அவள் முதலில் அழைத்த எண்

முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த ஷீஜா, வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

"பெபிஷாவுக்க அம்மையா? நான் சஜிதா. நாகர்கோவில்ல குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல கவுன்சிலர். இவங்க சைபர் கிரைம் போலீஸ். பயப்படாண்டாம், பிள்ளைதான் எங்களக் கூப்பிட்டா."

ஷீஜாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. கணவர் ஜெபசீலன் குவைத்துக்குப் போனதிலிருந்து அருமனையில் அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். மகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சஜிதா பக்குவமாகச் சொன்னாள். போன் விளையாட்டில் பெண்பிள்ளை போலப் பேசிப் பழகிய ஒருவன், பெபிஷாவின் போட்டோவைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அதை அசிங்கமாக மாற்றி ஊருக்கே அனுப்புவேன் என்று பிறகு மிரட்டத் தொடங்கியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெபிஷா அதற்கு அழைத்துவிட்டாள்.

"அவனுக்க கணக்க முடக்கியாச்சு. ஆளையும் சீக்கிரம் பிடிச்சிருவோம்" என்றாள் போலீஸ்காரி. புகாரை எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஷீஜா உள்ளே போனாள். பெபிஷா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மக்கா?"

"இப்பிடி போட்டோ வெளிய வந்த அந்த அக்காவப் பத்திக் கோயில்ல பேச்சு வந்தப்போ நீ என்ன சொன்ன? எனக்க மவளா இருந்தா வெட்டிப் போட்டிருப்பேன்னு சொன்னேல்லா?"

ஷீஜா அதை மறந்தே போயிருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னது. 

அடுத்த மாதம் அவனைப் பிடித்துவிட்டார்கள். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாம். பெபிஷா பழையபடி சாப்பிட ஆரம்பித்தாள். சனிக்கிழமைகளில் சஜிதா கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். அங்கிருந்து சில நேரம் சிரிப்புச் சத்தம் வரும். ஷீஜா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். தன்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! குவைத்திலிருந்து ஜெபசீலன் கூப்பிட்டு, "வேற என்ன விசேஷம்?" என்று கேட்டால், "இங்க ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லி ஷீஜா போனை வைத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை பெபிஷா குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷீஜாதான் எடுத்தாள். மறுமுனையில் சஜிதா.

"அக்கா, நீங்க எப்பிடி இருக்கிய?"

யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. சுகம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் போனோடு முற்றத்துக்கு இறங்கினாள்.

"மேடம்," என்றாள் மெதுவாக, "எனக்கும் கொஞ்சம் பேசணும்."