பேர் எழுதாத கேசட்டுகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலையில், சைனப் கொடுத்த கஞ்சியைக் குடித்து முடித்ததும், அப்துல் அலீம் மாடியறைக்குப் போக வேண்டும் என்றார். பக்கவாதத்தில் விழுந்த இடது கையும் காலும் அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தன. சைனப் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேற்றிவிட்டாள். பதினொரு நாள் பாட்டில்லாமல் கிடந்த மனிதர்; தடுத்தால் கேட்க மாட்டார் என்று முப்பது வருஷமாகக் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியும்.

அறையின் மூன்று சுவரிலும் கேசட் அலமாரிகள். அலீம் கைக்கெட்டியதை எடுத்து டெக்கில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வந்தது பாட்டு இல்லை. எவர்சில்வர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிப் படியில் உருட்டிவிட்டதுபோல ஒரு சத்தம். நடுவே யாரோ ஒரு ஆள் எதையோ சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். சொற்கள் உதிரியாகப் புரிந்தன, சேர்ந்து எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. அவை ஏன் அப்படி இழுத்து இழுத்துச் சொல்லப்படுகின்றன என்பதுதான் புரியவில்லை.

டெக்கில் அழுக்கு ஏறியிருக்கும் என்று பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். வேறு கேசட் போட்டார். அப்புறம் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்று. எல்லாம் அதே உருட்டல்தான். ஆம்ப்ளிஃபையரில் ஏதோ போய்விட்டது என்று முடிவு செய்து, இரண்டு நாள் கழித்து சைனப் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், அதையும் ஒரு ஸ்பீக்கரையும் ஆட்டோவில் வைத்துக் காளவாசலுக்குக் கொண்டுபோனார். அங்கே தவசி என்று ஒருவர். இருபது வருஷமாக அலீமின் சாமான்களைப் பழுது பார்ப்பவர்.

தவசி ஒயரை மாட்டி, ஏதோ ஒரு பாட்டைப் போட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன பாய், சும்மா கணீர்னு இருக்கு. இதுல என்ன கொறை?"

மிக்சி ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்த ஒருவர் கவுண்டர் மேல் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. அது ஹாரனாகவே கேட்டது. தவசி பேசியது தவசியாகவே கேட்டது. அலீம் அந்த ஆளின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் எதையோ பின்பற்றிப் போயின. அவருக்கு அது எங்கேயும் தென்படவில்லை.

"ஒண்ணுமில்ல தவசி. எனக்குத்தான் உடம்பு சரியில்லாதனால அப்படித் தோணுச்சுபோல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த வாரம் கே.கே. நகர் கிளினிக்கில், மகள் ஷிபாவை மாத்திரை வாங்கக் கீழே அனுப்பிவிட்டு, டாக்டர் தமிழ்வாணியிடம் பாட்டெல்லாம் உருட்டலாகக் கேட்பதைச் சொன்னார். டாக்டர் கேலி செய்யவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது பக்கம் ஒரு சாம்பல் திட்டைக் காட்டினார்.

"பேச்சைப் புரிஞ்சிக்கிற இடம் வேற, பாட்டைப் புரிஞ்சிக்கிற இடம் வேற. உங்களுக்கு அடிபட்டது இந்தப் பக்கம். சில பேருக்கு இப்படி ஆகும்."

"திரும்ப வருமாம்மா?"

"வரலாம். வராமலும் போகலாம். கை கால் பிழைச்சதே பெரிய விஷயம் பாய். நீங்க என்ன, பாட்டுக்காரரா?"

"இல்லம்மா. ஹார்டுவேர் கடை. சும்மா கேக்குற ஆளு" என்றார் அலீம்.

சும்மா கேட்கிற ஆள்தான். ஆனால் தெற்குவாசலில் ஆணியும் பூட்டும் விற்ற முப்பத்தைந்து வருஷத்தில், கடையடைத்த பிறகு அவர் வாழ்ந்ததெல்லாம் அந்த மாடியறையில். நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள். ஒன்றிலும் பேர் கிடையாது, வெறும் நம்பர். பேர் எழுதினால் காது சோம்பேறியாகிவிடும் என்பார். நம்பரும் வருஷப்படியோ படத்தின்படியோ போட்டதல்ல. ஒரு கேசட்டின் கடைசிப் பாட்டு முடிந்ததும் மனசு எங்கே போகுமோ அந்தப் பாட்டில் அடுத்த கேசட் தொடங்க வேண்டும். அதற்காக வருஷக்கணக்கில் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கியிருக்கிறார். கம்ப்யூட்டரில் இருந்த ஒன்பதாயிரம் பாட்டுக்கும் அப்படித்தான். 'சுபுஹுத் தொழுகைக்கு அப்புறம்', 'கடைக்குப் போகப் பிடிக்காத நாள்', 'சைனப் ஊரில் இல்லாதப்ப' என்று அவர் வைத்த பேர்கள்.

இதைப் பார்த்தாலே செல்வக்குமாருக்கு எரிச்சல் வரும். செல்வக்குமார் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். இளவட்டமாக இருந்தபோது கடைக்குக் கம்பி வாங்க வந்து, கல்லாவின் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த டேப்ரெக்கார்டரைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டவர். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம். செல்வக்குமாருடைய சேர்க்கை பள்ளிக்கூட ரெஜிஸ்டர் மாதிரி: வருஷம், படம், இசையமைத்தவர், பாடியவர். "ஒன்னையத் தவிர ஒருத்தனும் ஒன் பெட்டியில ஒண்ணத் தேடி எடுக்க முடியாது மாப்ள" என்பார். "நான்தான இருக்கேன், கேளு, எடுத்துத் தாரேன்" என்பார் அலீம். எந்தக் கேசட்டையும் இரண்டு விநாடி ஓடவிட்டால் போதும், அதில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொல்வார்.

டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சைனப் அழுவாள். அதைவிட, ஊரே வந்து விசாரிக்கும். சாயங்காலம் ஆனால் வழக்கம்போல மாடிக்குப் போய் ஏதாவது ஒன்றைப் போடுவார். கீழே சமையல்கட்டில் சைனப்புக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அரைமணி நேரம் அந்தப் பாத்திர உருட்டலுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வருவார். "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்று ஒருநாள் சைனப் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் செல்வக்குமாரிடமிருந்து போன் வந்தது.

அவருடைய தங்கை முனீஸ்வரி அந்த வருஷம் ஆடியில் இறந்துபோயிருந்தாள். சிறுநீரகக் கோளாறு, நாற்பத்தேழு வயதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு வருஷம் பாடியவள். கட்டிக்கொடுத்த இடத்தில் மேடையேறுவது கௌரவக் குறைச்சல் என்றார்கள். நிறுத்திவிட்டாள். மேடையை மட்டுமல்ல, வீட்டில் முணுமுணுப்பதைக்கூட. அவள் பாடியதைப் பதிவு செய்தவர் அலீம் ஒருவர்தான். அந்த இரண்டு வருஷமும் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு செல்வக்குமாரோடு கச்சேரி கச்சேரியாக அலைந்திருக்கிறார்.

"அஸ்வினி கேக்குது மாப்ள" என்றார் செல்வக்குமார். அஸ்வினி முனீஸ்வரியின் ஒரே மகள். "அம்மா பாடி நான் ஒருவாட்டிகூட கேட்டதில்ல மாமான்னு அழுகுது. ஒன் பெட்டியில அவ பாடுனது ஆறேழு கேசட்டு இருக்கும். எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்து வையி. அதுவே போதும்."

"எடுத்து வைக்கிறேன்" என்றார் அலீம். வேறென்ன சொல்வது என்று அந்த நிமிஷத்தில் தெரியவில்லை.

மூன்று வாரம் தேடினார். ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்பீக்கருக்கு அருகே குனிந்து கேட்டார். பெண் குரல் என்பது தெரிந்தது. எந்தப் பெண் என்பது தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி கத்தினார்கள். எந்த நம்பரில் வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்ற வரிசைதான் நினைவில் இருந்தது, அந்த வரிசையில் ஏறுவதற்கு ஒரு படிகூட அகப்படவில்லை. செல்வக்குமார் இரண்டு தரம் போன் செய்தார். இரண்டாவது தரம், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாராங்க" என்றார்.

சனிக்கிழமை ஒரு கேசட் அகப்பட்டது. பெண் குரல், கூட்டத்தின் விசில், இடையில் ஒருவர் சோழவந்தான் என்று ஊர்ப்பேரைச் சொன்னார். அவ்வளவு போதும் என்று அலீம் தன்னையே நம்பவைத்துக்கொண்டார். கடைப்பையன் மூலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை காலை செல்வக்குமார் நேரே மாடிக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டாரே தவிர, சைனப்பிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசட்டை மேசைமேல் வைத்தார்.

"இது யாரு?"

அலீம் கேசட்டின் நம்பரைப் பார்த்தார்.

"இருபது பேரு உக்காந்திருந்தோம் மாப்ள. அவ புருசன், நாத்தனாரு, எல்லாரும். படத்துக்கு மாலை போட்டு, பக்கத்துல டேப்ப வச்சுப் போட்டா, எவளோ ஒருத்தி ஒரு ஆம்பளையோட சேந்து நையாண்டிப் பாட்டு பாடுறா. அந்தப் புள்ள அஸ்வினி இருக்கே, அதுக்குத் தெரியல. அம்மாதான்னு நெனச்சு அழ ஆரம்பிச்சிருச்சு. இது ஒங்கம்மா இல்லம்மான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சொன்னேன். சொல்ல வேண்டியதாப் போச்சு."

"செல்வம்..."

"எங்க முனீஸ் கொரலு ஒனக்கு மறந்துபோச்சா? ஒன்னய அண்ணன்னு கூப்புட்டவ. யாரு மறந்தாலும் நீ மறக்க மாட்டேன்னுல்ல இருந்தேன். எடுத்துக் குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

கதவருகே சைனப் வந்து நின்றிருந்தாள். அலீம் அவளையும் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. மறைக்கவும் தெம்பில்லை.

"எனக்குப் பாட்டு கேக்கல செல்வம்" என்றார்.

"என்ன?"

"காது நல்லாருக்கு. நீ பேசுறது கேக்குது. பாட்டுப் போட்டா மட்டும் பாத்திரம் உருள்ற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்து அப்படித்தான். மண்டையில அந்த இடம் செத்துப்போச்சாம். எந்தக் கேசட்டுல எது இருக்குன்னு எனக்குத் தெரியல. எது ஆம்பள, எது பொம்பளங்குறதுதான் தெரியுது. மூணு வாரமா நானும் தேடுறேன்."

செல்வக்குமார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். சைனப்தான் முதலில் பேசினாள்.

"அப்ப தெனமும் சாயந்தரம் மேல வந்து போட்டுக்கிட்டு இருந்தீங்களே?"

"நீ கேக்கட்டும்னுதான்."

சைனப் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கீழே போய்விட்டாள். அப்புறம் செல்வக்குமார் எழுந்து, அலமாரியின் இடது மூலையில் முதல் கேசட்டை எடுத்து டெக்கில் போட்டார்.

"ஒனக்குத் தொந்தரவா இருக்குமா மாப்ள?"

"இருக்கும். நீ போடு."

செல்வக்குமார் கொடிக்கால் வேலையை மகனிடம் விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் காலை பஸ்ஸுக்கு வந்தார். ஒவ்வொரு கேசட்டிலும் கொஞ்சம் கேட்பார், தலையசைப்பார், எடுத்துவிடுவார். அலீம் எதிரே உட்கார்ந்து சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு செல்வக்குமாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில கேசட்டுகளில் அந்த முகம் தன்னை மறந்து தளரும். தேட வந்ததை மறந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டென்று நினைவு வந்து நிறுத்துவார். "நிறுத்தாத, முடியட்டும்" என்பார் அலீம். செல்வக்குமாருக்குக் குற்றம் செய்ததுபோல இருக்கும்.

நான்காவது வாரம், இருநூற்று அறுபத்தெட்டாம் நம்பர் கேசட். போட்டதும் பாட்டு வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ தொண்டையைச் செருமுவது. ஒத்திகையின்போது எடுத்ததாக இருக்க வேண்டும். பிறகு ஒரு பெண் பேசினாள்.

"அலீம் அண்ணே, ஓடுதா? தப்புப் பண்ணுனா சிரிக்கக் கூடாது, என்ன? மொதல்லருந்து திரும்ப எடுக்கணும். செல்வண்ணே, நீ வெளிய போ. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா எனக்குப் பாட வராது."

அலீம் எழுந்துவிட்டார். அது முனீஸ்வரி. ஒவ்வொரு எழுத்தும் முனீஸ்வரி. இருபத்தொரு வயதுப் பெண்ணின் அவசரமும், வார்த்தையின் கடைசியில் குரலைக் கொஞ்சம் தூக்குகிற அந்தப் பழக்கமும் அப்படியே இருந்தன. அவர் டெக்கின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அடுத்தது அவள் பாடுவாள்.

பாடினாள். பாத்திரங்கள் உருண்டன. பேசியவள் எங்கோ போய்விட்டாள்; அந்தச் சத்தத்துக்குள் அவளைத் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. செல்வக்குமார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அலீம் வலது கையை அவர் முதுகில் வைத்து, பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். முடிந்துவிட்டது என்பதை ஸ்பீக்கரை வைத்து அல்ல, கைக்கடியில் அந்த முதுகு அடங்கியதை வைத்தே தெரிந்துகொண்டார்.

"பேசுனத மட்டும் இன்னொருவாட்டி போடு செல்வம்" என்றார்.

செல்வக்குமார் போட்டார். அதற்கப்புறமும் இரண்டு முறை போட்டார்.

மறுவாரம் அஸ்வினி வந்தாள். அம்மாவின் உயரம், அப்பாவின் நிறம். அலீமுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்ததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அறை அமைதியாக இருந்தது. முதலில் அவள் சிரித்தாள். அம்மா அண்ணனை வெளியே விரட்டிய இடமாக இருக்கும். அப்புறம் அசையாமல் உட்கார்ந்து, கண்ணில் வழிந்ததைத் துடைக்காமல் கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, செல்வக்குமாரைக் கேட்காமல் அலீமைக் கேட்டாள்.

"எனக்குப் பாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது மாமா. எங்கம்மா நெஜமாவே நல்லாப் பாடுவாங்களா? இல்ல, அம்மாங்குறதனால எனக்கு அப்படித் தோணுதா?"

செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். அலீம் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாப் பாடுவாம்மா ஒங்கம்மா. ஆரம்பத்துல பயந்துக்கிட்டு சுருதியக் கொஞ்சம் கீழ பிடிப்பா. ரெண்டாவது சரணத்துக்கு வந்தா பயம் போயிரும். அப்ப பாடுறது இருக்கே, அதுக்குத்தான் நான் அம்புட்டுத் தூரம் டேப்பத் தூக்கிக்கிட்டு வந்தேன். ரெண்டாவது சரணம் மட்டும் இன்னொருவாட்டி கேட்டுப் பாரு."

அஸ்வினி ஹெட்போனை மறுபடி காதுக்கு ஏற்றிக்கொண்டாள். செல்வக்குமார் கேசட்டைத் திருப்பிச் சுற்றி, சரியான இடத்தில் நிறுத்திக் கொடுத்தார். அலீம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பயம் போகிற இடம் எப்போது வந்தது என்பது அவருக்குத் தெரிந்தது.