மரியாதைக்கு எழுந்தவர்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் தலைவர். ஜன்னலோரம் கோச். சுவரை ஒட்டி, தத்தம் சக்கர நாற்காலிகளில் ஆட்டக்காரர்கள். மேசை முனையில், என் சக்கர நாற்காலியில், செயலாளரான நான். வெல்டர் அண்ணன் மட்டும் கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில். அவருடைய சக்கர நாற்காலியில் புது ஆட்டக்காரர் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கூடைப்பந்து அணி ஆஸ்பத்திரியின் வண்டிக் கொட்டகையில் பிறந்தது. கைக்குப் பயிற்சி என்று பிசியோதெரபி அம்மா ஒரு பந்தைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் சட்டென்று திரும்பினால் குப்புற விழுவோம். வெல்டர் அண்ணன்தான் சக்கரங்களை அறுத்து, அடிப்பக்கம் அகலும்படி சாய்த்துப் பற்றவைத்தார். தூணில் வளையம் மாட்டியதும் அவரே. அவருக்கு நடக்க வரும். ஓடினால் முழங்கால் விட்டுவிடும், வலி உயிரை எடுக்கும். அதனால் எங்களோடு உட்கார்ந்து ஆடினார். பக்கத்து ஊர்களும் அவரிடம் நாற்காலி வாங்கி அணி சேர்த்தன. பிறகு போட்டி நடத்தச் சங்கம் வந்தது, விதி வந்தது, போன மாதம் யாருக்கு ஆடத் தகுதி என்று சோதிக்க ஒரு டாக்டரும் வந்தார்.

டாக்டர் நுழைந்ததும் அண்ணன் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பழக்கம். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வலி விதியில் வராது, இவர் ஆட முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்.

"ஏண்ணே, ஒரு நிமிஷம் மரியாதை கெட்டவரா இருந்திருக்கக் கூடாதா?" என்றார் கோச்.

"பெரிய மனுஷன் வர்றப்ப எப்படிய்யா உக்காந்திருக்கறது?"

"நாங்கல்லாம் உக்காந்துதானே இருந்தோம்!" என்றார் சுவரோரத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தோம், அண்ணனும்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அண்ணன் இல்லாம போட்டிக்குப் போறதா, இல்ல யாருமே போகாம இருக்கறதா? சங்கத்துக்கு இன்னிக்கே பதில் போடணும். போகலாம்கறவங்க கை தூக்குங்க."

"கம்பெனிக்காரன் நொண்டின்னு வெளிய அனுப்பினான். இங்க நொண்டி இல்லன்னு அனுப்பறீங்க. நான் எங்கடா போய் உக்கார்றது?" என்றார் அண்ணன்.

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியில் என்னுடையதும்.

"சொந்த விருப்பத்தில விலகிட்டார்னு எழுதுங்க. கௌரவமா இருக்கும்" என்றார் தலைவர்.

"யாருக்கு?" என்றார் அண்ணன்.

நாங்களே நீக்கினோம் என்று எழுதினேன். தலைவர் முகத்தைச் சுளித்தபடி கையெழுத்துப் போட்டார். மடித்து, உறையிலிட்டு ஒட்டினேன்.

எதிரேதான் தபாலாபீஸ். சரிவுப்பாதை கிடையாது, படிகள்தான். எங்கள் தபாலையெல்லாம் அண்ணன்தான் கொண்டுபோய்ப் போடுவார்.

"குடு. உங்கள்ல யாரு ஏறப்போறா?"

உறையைப் பல்லில் கவ்வி, கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று ஏறினார். நான் கீழே இருந்தேன். பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் கேட்டது.